அறுபது என்றால் அறுபது

பேராசிரியர் பொலிகார்ப் முலோண்டோ கையெழுத்துப் போடுவதற்கு மூன்று பேனா வைத்திருந்தார். நீலம் மாணவர்களுக்கு. கறுப்பு துணைவேந்தர் அலுவலகத்துக்கு. பச்சை, ஒரு முனைவர் பட்ட ஆய்வேட்டை வெளியே அனுப்பும் பெருநாளுக்கு மட்டும். அந்தப் பச்சைப் பேனாவின் மூடி கழன்று அவருடைய ஆய்வு மாணவி நபுகீரா ஏழு வருஷத்தில் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

இந்த வாரம் பார்த்தே ஆக வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் அவருடைய கையெழுத்தோடு படிவம் பதிவாளர் அலுவலகம் போய்ச் சேராவிட்டால் அவளுடைய பதிவு ரத்து. இரண்டு தடவை கால நீட்டிப்பு வாங்கியாகிவிட்டது. மூன்றாவது தடவை என்ற ஒன்று விதியிலேயே இல்லை. ஏழு வருஷமும், ஏறத்தாழ மூன்று லட்சம் பழ ஈக்களும் போனது போனதுதான். ஈக்கள் இதைப் பற்றிக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவள் பேராசிரியரின் அறைக்குப் போய், வழக்கப்படி முழங்கால் மடித்து வணங்கிவிட்டு, படிவத்தை மேசை மேல் வைத்தாள். அவர் அதைத் தொடவில்லை. ஆய்வேட்டைத்தான் புரட்டினார். ஒரு இடம் வந்ததும் உணவில் கல் கடித்தவர் மாதிரி நிறுத்தினார்.

"இந்த மூணாம் அத்தியாயத்தை எடுத்துடு, நியாபோ."

"அதுதான் ஸெபோ ஆய்வே." அந்த ஊரில் ஐயாவுக்கு ஸெபோ, அம்மாவுக்கு நியாபோ.

"ஆய்வு இல்லை. அவசரம்." சாய்ந்து உட்கார்ந்தார். "நான் நைரோபில பேசியிருக்கேன். டகார்ல பேசியிருக்கேன். எல்லா இடத்துலயும் ஒரே வார்த்தைதான் சொன்னேன். ஈக்கு அறுபதுன்னா அறுபது. ஒரு தடவை கத்துக்கிட்ட வெளிச்சத்தை அது அளவு மாறாம ஞாபகம் வெச்சிருக்கும். இப்ப என் சொந்த மாணவி, என் சொந்த லேப்ல, ஈக்கு அறுபதே தெரியாதுன்னு எழுதினா, உலகம் யாரைப் பாத்துச் சிரிக்கும்?"

உலகம் இந்தப் பக்கம் திரும்பிப் பார்ப்பதே அரிது என்று அவளுக்குத் தெரியும்.

விஷயம் இதுதான். ஒரு முழ நீளத்தில் ஒரு கண்ணாடிக் குழாய். இரண்டு முனையிலும் ஒவ்வொரு சின்ன விளக்கு, பழைய கார்களின் முன்பலகையிலிருந்து கழற்றியது, மேலே பச்சைக் காகிதம் ஒட்டியது. ஒன்றை ஒளிமானியால் அளந்தால் அறுபது காட்டும், மற்றது நூற்றெண்பது. ஒரு நாள் பட்டினி போட்ட ஈக்களைக் குழாய்க்குள் விட்டு, அறுபதின் பக்கம் சர்க்கரை தோய்த்த காகிதத்தை வைப்பார்கள். பழகாத ஈ வெளிச்சம் அதிகமுள்ள பக்கம்தான் ஓடும், அது பிறவிக் குணம். சில தடவை சர்க்கரை கண்ட பிறகு அந்தக் குணத்தை மீறி மங்கலான பக்கம் வரும். பிறகு சர்க்கரை வாடையே படாத புதுக் குழாயில் விட்டாலும், பெரும்பாலானவை மங்கலான முனைக்கே வந்து, இல்லாத சர்க்கரையைத் தேடித் தரையை நக்கிக்கொண்டிருக்கும். இது வரைக்கும் யாருக்கும் தகராறு இல்லை.

தகராறு மூன்றாம் விளக்கால் வந்தது. நபுகீரா ஒருநாள் நூற்றெண்பதைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் இருபது காட்டும் விளக்கை வைத்தாள். அறுபது அதே இடத்தில்தான் இருந்தது. பேராசிரியர் சொல்வது சரியென்றால் ஈக்கள் தங்களுக்குச் சர்க்கரை தந்த அறுபதுக்கே வர வேண்டும். வரவில்லை. வாழ்நாளில் கண்டிராத இருபதைத் தேடிப் போயின. நூற்றுப் பன்னிரண்டு தடவை செய்து பார்த்தாள். நூற்றொன்பது தடவை அதே கதை. ஈ கற்றுக்கொண்டது அறுபதை அல்ல. இரண்டில் எது மங்கல் என்பதை.

"ஒப்பிட்டுப் பாக்கறதுக்கு மூளை வேணும்," என்றார் பேராசிரியர்.

"அளந்து ஞாபகம் வெச்சுக்கறதுக்கு, ஸெபோ?"

"அதுக்குக் கண்ணு போதும்." இந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது என்பதற்கு அடையாளமாகக் கடிகாரத்தைப் பார்த்தார். "வியாழக்கிழமை நைரோபிலேர்ந்து உன் வெளித் தேர்வாளர் டாக்டர் ஜெப்டூ வர்றாங்க. துணைவேந்தரும் வர்றார். செனட் மண்டபத்துல நாம செய்து காட்டப்போறோம். அறுபது, நூற்றெண்பது. அவ்வளவுதான். அந்த இருபதை லேப்லயே வெச்சுட்டு வா. மூணாம் அத்தியாயம் இல்லாத பிரதியை அவங்க கையில குடு. வெள்ளிக்கிழமை என் பச்சைப் பேனாவைத் திறக்கறேன்."

இதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் இதன் அழகு. பழகிய அதே ஜோடியைக் காட்டினால் ஈக்கள் அறுபதுக்குத்தான் வரும். அளவை ஞாபகம் வைத்திருந்தாலும் வரும், ஒப்பிட்டுப் பார்த்தாலும் வரும். அவர் சொல்வதும் நிரூபணம், அவள் சொல்வதும் நிரூபணம். ஒலிவாங்கி யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்னது நிற்கும்.

*

ஆய்வுக்கூடத்தில் உதவியாளன் கலூலே கரியடுப்பில் ஈக்களுக்குச் சமைத்துக்கொண்டிருந்தான். சோள மாவு, கனிந்த வாழைப்பழம், ஈஸ்ட், சர்க்கரை, கெட்டிப்படுத்தக் கடற்பாசித் தூள். இருபது வருஷமாக இதே கஞ்சி. பல்கலைக்கழக உணவகத்தின் போஷோ என்ற சோளக்களியை விட இது மேல் என்பது அவன் கட்சி, அதை மறுத்தவர்கள் இரண்டையும் தின்று பார்த்ததில்லை.

"குண்டா, ஒல்லியா?" என்று கேட்டான், திரும்பாமலே.

நபுகீராவின் பையில் இரண்டு பிரதிகள் இருந்தன. மூன்றாம் அத்தியாயம் உள்ளது குண்டு. இல்லாதது ஒல்லி.

"ஒல்லி."

"நூத்துப் பன்னெண்டு தடவை நான் சுத்தம் பண்ணின குழாய் நியாபோ அதெல்லாம்."

"தெரியும் கலூலே. எனக்கு முப்பத்தஞ்சு வயசாகுது. எங்கம்மா ஒவ்வொரு கல்யாணத்துலயும் 'எம் பொண்ணு ஈ டாக்டருக்குப் படிக்கிறா'ன்னு சொல்லிச் சொல்லி அலுத்துட்டாங்க. கேட்டவங்க இப்ப மாட்டுக்குக் காய்ச்சல் வந்தாக்கூட எனக்கு ஃபோன் பண்றாங்க. ஒல்லிதான்."

கலூலே கஞ்சியைக் கிளறினான். "நீ கண்டுபிடிச்சது என்னன்னு எனக்கு எப்ப விளங்குச்சு தெரியுமா? நம்ம புரொபஸரைப் பாத்துத்தான். இந்தக் கட்டடத்துல அவர் நூத்தெண்பது. டீன் வந்தா அறுபது. துணைவேந்தர் வந்தா இருபது. ஆளு என்னவோ அதே ஆளுதான். பக்கத்துல யார் நிக்கறாங்கிறதுதான் கணக்கு."

"வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு."

அவள் சொல்லி முடிக்கவில்லை, நூற்றெண்பது உள்ளே வந்தது. வியாழக்கிழமை மேசை எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க வந்திருந்தார். கண்ணாடிக் குழாயைப் பார்த்துத் தலையசைத்தார். கறுப்புத் துணி போர்த்திய பெட்டியைப் பார்த்துத் தலையசைத்தார். பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கார் பாட்டரியைப் பார்த்ததும் தலை நின்றுவிட்டது. மின்சாரம் எப்போது போகும் எப்போது வரும் என்று கடவுளுக்கே தெரியாத ஊரில், விளக்குகள் எப்போதும் அதில்தான் எரியும். முனைகளில் பச்சையாகப் பூத்திருந்தது.

"இது என்ன, கராஜா?"

"பாட்டரி, ஸெபோ. கரண்டு ஏறி இறங்கினா வெளிச்சம் மாறிடும். இதுல மாறாது."

"துணைவேந்தர் சோபாவுல உக்காந்து இதைப் பாக்கணுமா? சுவத்துல பிளக் இருக்கு. வெள்ளையா ஒரு அடாப்டர் இருக்கு. அதை மாட்டு. இது என் கண்ணுலயே படக் கூடாது."

"சரிங்க ஸெபோ," என்றான் கலூலே. அவன் சொன்ன சொல் தவறாதவன். பாட்டரியை அப்போதே மோட்டார் பைக்கின் பின்னால் கட்டி வீட்டுக்குக் கொண்டுபோனான். அங்கே அது புதன்கிழமை முழுவதும் டிவிக்குக் கரண்டு கொடுத்தது. அவன் அணி தோற்றது.

*

வியாழக்கிழமை செனட் மண்டபத்தில் வெள்ளையும் பச்சையுமாகத் துணி கட்டியிருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பன்னிரண்டு அடிப் பதாகை: ஈ தன் ஒளியை மறப்பதில்லை. கீழே பேராசிரியரின் படம், ஈயின் படம், இரண்டும் ஒரே அளவில். முன்வரிசையில் மூன்று சோபாக்கள். அதற்குப் பின்னால் பிளாஸ்டிக் நாற்காலிகள். நடு சோபாவில் துணைவேந்தர். அவருக்குப் பக்கத்தில் டாக்டர் ஜெப்டூ, ஒல்லியான அம்மாள், மூக்கு நுனியில் கண்ணாடி, மடியில் கைப்பை. இன்னொரு சோபா பேராசிரியருக்கென்று இருந்தது. திடீரென்று நகர மேயர் வந்து சேர்ந்ததில் அது பறிபோய், அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலிக்கு இறங்கினார்.

"அறுபது," என்று கலூலே நபுகீராவின் காதில் சொன்னான்.

நிகழ்ச்சித் தொகுப்பாளர், முறைப்படி பெயர் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரையும் சொல்லியாகிவிட்டதாக எடுத்துக்கொள்ளுங்கள் என்று தொடங்கினார். பிறகு அத்தனை பேரையும் சொன்னார். மேயரின் மனைவியைச் சொன்னார். மேயர் மனைவியின் அக்கா, கோமெசி என்ற விசேஷ நாள் அங்கி உடுத்தி வந்திருந்தவர், அவரையும் எழுந்து நிற்கச் சொல்லி ஒரு கைதட்டல் வாங்கிக்கொடுத்தார். ஈக்களை வளர்த்தவனையும் பழக்கியவளையும் சொல்ல நேரமில்லாமல் போயிற்று.

காலையிலேயே ஆய்வுக்கூடத்தில் ஐம்பது ஈக்களுக்குப் பயிற்சி முடிந்திருந்தது. மேடையில் இருந்த கரும்பலகையில் நபுகீரா அதை எழுதியிருந்தாள்: பயிற்சி, 60 சர்க்கரை, 180 வெறும் காகிதம். அதன் கீழ் 'சோதனை' என்று எழுதி இரண்டு கட்டங்களைக் காலியாக விட்டிருந்தாள். விளக்கைப் பொருத்தியதும் அளந்து எழுதாமல் ஈயை உள்ளே விடக் கூடாது. அந்த ஆய்வுக்கூடத்தின் முதல் விதி அதுதான். கதவில் பேராசிரியரின் கையெழுத்தோடு ஒட்டியிருக்கும்.

பேராசிரியர் ஒலிவாங்கியைப் பிடித்து ஒளியின் வரலாற்றை ஆதியிலிருந்து ஆரம்பித்தார். ஆதியாகமத்தைத் தாண்டிச் சூரியக் கடிகாரத்துக்கு வந்தபோது மின்சாரம் போயிற்று.

யாரும் பதறவில்லை. ஜெனரேட்டர் இருமி எழுந்தது. ஒலிபெருக்கி வந்தது, துணைவேந்தரின் தேநீர்க் கெண்டி கொதித்தது. மேடை மேசைக்குப் பக்கத்திலிருந்த பிளக்கில் மட்டும் எதுவும் வரவில்லை. ஜெனரேட்டரின் கம்பியை எங்கெங்கே இழுப்பது என்று முடிவு செய்தவர்களுக்கு ஈயைப் பற்றி யாரும் சொல்லியிருக்கவில்லை.

பேராசிரியர் ஒலிவாங்கியைக் கையால் பொத்திக்கொண்டு குனிந்தார். "அந்தப் பாட்டரி எங்கே?"

"உங்க கண்ணுல படக் கூடாதுன்னீங்களே, ஸெபோ."

"எங்கேடா?"

"வெளியே பைக் மேல. ஆனா சார்ஜ் இல்லை. பன்னெண்டு வோல்ட் குடுக்கணும், இப்ப ஒம்பதுதான் குடுக்கும். நேத்து மேட்ச்…"

"விளக்கு எரியுமா, எரியாதா?"

"எரியும்."

"அப்ப போடு. வெளிச்சம்னா வெளிச்சம்."

கலூலே பாட்டரியைத் தூக்கிக்கொண்டு நடுப்பாதை வழியாக, சோபாக்களைத் தாண்டி, மேயருக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு மேடை ஏறினான். விளக்குகள் எரிந்தன. நபுகீரா துணிப் பெட்டிக்குள் தலையை நுழைத்து ஒளிமானியை இடது முனையில் வைத்தாள். அறுபது என்று எழுதி ஒட்டியிருந்த விளக்கு இருபத்தொன்று காட்டியது. வலது முனைக்குப் போனாள். நூற்றெண்பது என்று ஒட்டியிருந்தது அறுபத்துநாலு காட்டியது.

இன்னொரு தடவை அளந்தாள். அதே எண்கள்.

துணிக்குள் இருட்டாக இருந்ததால் அவள் முகத்தை யாரும் பார்க்கவில்லை. லேபிலேயே வைத்துவிட்டு வரச் சொன்ன இருபது, அறுபதின் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடைக்கு வந்துவிட்டது. அறுபது, நூற்றெண்பதின் சட்டையில் எதிரே உட்கார்ந்திருக்கிறது. இனி ஈக்கள் வலது பக்கம் போனால் பேராசிரியர் சொன்னது சரி, அவளுடைய நூற்றுப் பன்னிரண்டு தடவையும் குப்பை. இடது பக்கம் போனால் அவள் சரி. ஆனால் இடது பக்கம் போனால் மண்டபத்தில் எல்லோரும் பேராசிரியருக்குத்தான் கைதட்டுவார்கள், ஏனென்றால் அங்கே ஒட்டியிருப்பது அறுபது.

எதையும் எழுதாமல் விட்டுவிடலாம். வெள்ளிக்கிழமை கையெழுத்து நிச்சயம். துணியை விட்டு வெளியே வந்தாள்.

"ஸெபோ, அளவு மாறியிருக்கு. பலகையில எழுதட்டுமா?"

அவள் வேண்டுமென்றே உரக்கக் கேட்டாளா என்று கலூலே பிற்பாடு பல தடவை விசாரித்தான். தொண்டை அப்படி இருந்தது என்றுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னாள். முன்வரிசை முழுவதும் திரும்பிப் பார்த்தது. துணைவேந்தர் பார்த்தார். துணைவேந்தர் பார்க்கும்போது பேராசிரியருக்கு எண்கள் காதில் விழுவதில்லை.

"எழுது, நியாபோ, எழுது," என்றார் ஒலிபெருக்கியில். "அளக்காத விஞ்ஞானம் வெறும் வதந்தி." அந்த வாக்கியம் அவருக்குப் பிடித்துப்போனது. இன்னொரு தடவையும் சொன்னார். தொகுப்பாளர் அதைக் குறித்துக்கொண்டார்.

அவள் காலிக் கட்டங்களில் எழுதினாள். இடது, 21. வலது, 64. சுண்ணக்கட்டி உடைந்தது. மிச்சத் துண்டால் முடித்தாள்.

ஐம்பது ஈக்களும் நடுவாசல் வழியாக உள்ளே போயின. தொண்ணூறு விநாடி. பேராசிரியர் அந்தத் தொண்ணூறு விநாடியைத் தன் இளமைப் பருவத்தால் நிரப்பினார். மணி அடித்ததும் கலூலே இரண்டு தகடுகளை இறக்கிக் குழாயை மூன்றாகப் பூட்டினான். சோடாப் பெட்டியிலிருந்த ஐஸைச் சுற்றி வைத்து ஈக்களை மயக்கினான். எண்ணுவதற்கு நடுநிலையாளர் ஒருவர் வேண்டுமென்று பேராசிரியர் அழைக்க, டாக்டர் ஜெப்டூ கண்ணாடியை நெற்றிக்கும் மூக்குக்கும் இடையில் எங்கோ நிறுத்திக்கொண்டு மேடைக்கு வந்து எண்ணினார்.

"இடது முப்பத்தாறு. வலது பதினொண்ணு. நடுவுல மூணு."

"நடுவுல மூணு பேர் செனட் உறுப்பினருங்க," என்றான் கலூலே, யாருக்கும் கேட்காத குரலில்.

"அறுபதுக்கு முப்பத்தாறு," என்றார் பேராசிரியர். அவர் குரல் நடுங்கியது, உண்மையான சந்தோஷம். "மின்சாரம் மறந்துபோச்சு. மின்சார இலாகா மறந்துபோச்சு. ஈ மறக்கலை."

மண்டபம் கைதட்டியது. மேயர் எழுந்து நின்று தட்டினார். டாக்டர் ஜெப்டூ மட்டும் சோபாவுக்குத் திரும்பாமல் பலகைக்கு முன்னால் நின்று, காய்கறிக் கடையில் விலைப் பட்டியல் படிப்பவர் மாதிரி மேலிருந்து கீழாகப் படித்துக்கொண்டிருந்தார். கைதட்டல் ஓய்ந்தது.

"புரொபஸர், ஒரு சின்ன சந்தேகம். இடது பக்கம் எத்தனை?"

"அறுபது, நியாபோ."

"இங்கே இருபத்தொண்ணுன்னு எழுதியிருக்கு."

"அது… பாட்டரி கொஞ்சம்… விளக்கு அதே விளக்குதான். பாருங்க, மேலேயே அறுபதுன்னு ஒட்டியிருக்கு."

"ஈக்குப் படிக்கத் தெரியுமா?"

முதலில் சிரித்தவர் துணைவேந்தர். ஆகவே மற்ற எல்லோரும் சிரிக்க அனுமதி கிடைத்தது.

"நான் கேக்கறது இதுதான்," என்றார் டாக்டர் ஜெப்டூ, சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்து. "இதுங்க அறுபதைத்தான் ஞாபகம் வெச்சிருக்குன்னா, வலது பக்கம்தான போயிருக்கணும்? அங்கேதான் அறுபத்துநாலு இருக்கு. இருபத்தொண்ணை இதுங்க இதுக்கு முன்னாடி பாத்ததே இல்லையே. எதுக்குப் போச்சு?"

பேராசிரியர் பலகையைப் பார்த்தார். விளக்கைப் பார்த்தார். பதாகையைத் திரும்பிப் பார்க்கவில்லை; அது முதுகுக்குப் பின்னால் பன்னிரண்டு அடிக்கு நின்றுகொண்டிருந்தது. ஒலிபெருக்கி கீச்சென்றது.

"யாருக்காவது தெரியுமா?" என்று துணைவேந்தர் சோபாவிலிருந்து கேட்டார், தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தபடி.

நபுகீரா மேசைக்கு அடியில் இருந்த பையை எடுத்தாள். ஒல்லி மேலே இருந்தது. அதை நகர்த்திவிட்டுக் குண்டை வெளியே இழுத்தாள்.

"அது மூணாம் அத்தியாயத்துல இருக்கு, ஸெபோ," என்று துணைவேந்தரைப் பார்த்துச் சொல்லிவிட்டு, டாக்டர் ஜெப்டூவின் கையில் கொடுத்தாள். "நூத்துப் பன்னெண்டு தடவை செஞ்சது. இன்னைக்கோட நூத்துப் பதிமூணு."

அந்த அம்மாள் நின்றபடியே மூன்றாம் அத்தியாயத்தைத் திறந்தார். மண்டபம் அவர் பக்கம் புரட்டுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. நபுகீரா தன் ஏழு வருஷம் எந்த வாசல் வழியாக வெளியே போகும் என்று யோசித்தாள். பின்வாசல் அருகில் இருந்தது.

பேராசிரியர் முலோண்டோவைக் குறைத்து மதிப்பிட்டவர்கள் பலர். துறைத் தலைவராகப் பதினான்கு வருஷம் இருப்பது சும்மா இல்லை. நாலு பக்கம் புரளும் நேரத்தில் அவர் தெளிந்துவிட்டார்.

"இதை நீங்க கேக்கணும்னுதான் காத்திருந்தேன்," என்றார் ஒலிபெருக்கியில். "நாம் இன்னைக்கு இங்கே வேணும்னேதான் வெளிச்சத்தைக் குறைச்சோம்."

கலூலே பாட்டரியைப் பார்த்தான். பாட்டரி மறுத்துப் பேசவில்லை.

"பழைய கருத்து என்ன சொல்லுது?" பேராசிரியர் தோளுக்கு மேலே கட்டைவிரலால் பதாகையைக் காட்டினார், அது வேறு யாரோ எழுதித் தொங்கவிட்டது போல. "ஈ அளவை ஞாபகம் வெச்சிருக்குன்னு. நம்ம துறை என்ன சொல்லுது? ஈ ஒப்பிட்டுப் பாக்குதுன்னு. இனிமே இதுக்கு முலோண்டோ ஒப்பீட்டு விதின்னு பேரு."

மேயர் மறுபடியும் எழுந்து நின்று தட்டினார். இரண்டு விதிகளுக்கும் சமமாகத் தட்டிய ஒரே மனிதர் அவர்தான். டாக்டர் ஜெப்டூ தலையைத் தூக்காமலே நபுகீராவிடம் சொன்னார்: "எனக்கு இந்தப் பிரதி போதும். உங்க மேற்பார்வையாளர் கையெழுத்து வந்ததும் என் அறிக்கையை அனுப்பறேன். பக்கம் எழுபத்திரெண்டுல ஒரு கமா விட்டுப்போச்சு."

*

ஆக, எல்லாம் மறுபடியும் கையெழுத்தில் வந்து நின்றது.

வெள்ளிக்கிழமை இரண்டு மணிக்கே நபுகீரா பேராசிரியரின் அறை வாசலில் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அவர் நான்கு மணிக்குக் கூப்பிட்டார். மேசையில் குண்டுப் பிரதி திறந்திருந்தது, நாற்பத்தொன்றாம் பக்கம். 'பேராசிரியர் முலோண்டோவின் கருத்துக்கு மாறாக' என்று அவள் எழுதியிருந்த இடத்தில் 'மாறாக' நீலப் பேனாவால் அடிபட்டு, மேலே 'இணங்க' என்று ஏறியிருந்தது.

அவள் பக்கத்தைத் திருப்பி அட்டவணைகளைப் பார்த்தாள். நூற்றுப் பன்னிரண்டு வரிசையும் எழுதியபடியே இருந்தன. எண்களை அவர் தொடவில்லை. எண்கள் அவருக்கு என்றுமே ஒரு பொருட்டல்ல.

"சரிதானே?"

அந்த ஒரு சொல்லை நம்புகிறவன் அடுத்த பக்கத்து அட்டவணையைப் படிக்கப் போவதில்லை, அட்டவணையைப் படிக்கிறவன் அந்தச் சொல்லை நம்பப் போவதில்லை. "சரிங்க ஸெபோ," என்றாள்.

"நல்லது. இன்னொண்ணு. துணைவேந்தர் நேத்து ரொம்ப சந்தோஷப்பட்டார். தாழ்வாரத்துல ஒரு கண்ணாடிப் பேழை வைக்கறோம். அந்த ஈங்களைக் கொண்டா."

"எந்த ஈங்களை?"

"முப்பத்தாறை. அந்தப் பதினோரு துரோகிங்க வேணாம். நடுவுல நின்ன மூணும் வேணாம். முப்பத்தாறு வந்ததும் கையெழுத்து."

மணி நான்கு பத்து. அவள் மாடிப்படியில் ஓடினாள். கலூலே குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தான். கேட்டதும் அவன் கை நின்றது. பிறகு மெதுவாக அலமாரியைக் காட்டினான். அங்கே 'பிணவறை' என்று எழுதிய அகலவாய்ப் பாட்டில் இருந்தது. வேலை முடிந்த ஈக்களை அதிலிருக்கும் ஸ்பிரிட்டில் கொட்டிவிடுவது ஆய்வுக்கூடத்தின் இரண்டாம் விதி. வியாழக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு முன்பே அவன் விதியை நிறைவேற்றியிருந்தான். பாட்டிலுக்குள் அந்த வாரத்து ஈக்கள் ஏறக்குறைய இரண்டாயிரம், சேற்று நிறத்தில், ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன.

"எல்லாம் ஒரே குடும்பந்தான்," என்றான் கலூலே. "சித்தப்பா பெரியப்பா பிள்ளைங்க."

"இதுல பாதி விளக்கையே பாத்ததில்லை."

"அவரும்தான் மூணாவது விளக்கை ஏழு வருஷமாப் பாக்கலை. நேரம் ஆகுது நியாபோ."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மேசைக்கு வந்து தூரிகையை எடுத்தாள். ஒரு கரண்டி ஈயை வெள்ளைத் தட்டில் ஊற்றி, தூரிகை நுனியால் ஒவ்வொன்றாக நகர்த்தி முப்பத்தாறு எண்ணினாள். இன்னொரு தடவை எண்ணினாள். ஒன்று கூடுதலாக இருந்தது. அதைப் பாட்டிலிலேயே திருப்பிப் போட்டாள்.

"லேபிள்ல என்ன எழுதட்டும்? 'வரலாற்றுச் சிறப்பு மிக்க'…"

"'பழ ஈ. முப்பத்தாறு.' அதுக்கு மேல ஒரு எழுத்தும் வேணாம்."

பேராசிரியர் சின்னக் கண்ணாடிக் குப்பியை ஜன்னல் வெளிச்சத்துக்கு உயர்த்தி, பூதக்கண்ணாடி வழியாக நெடுநேரம் பார்த்தார். மணி நான்கு நாற்பது.

"பாரு," என்றார் மெல்லிய குரலில். "இதுங்க முகத்துலயே தெரியுது."

பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, வெல்வெட் உறையிலிருந்து பச்சைப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, படிவத்தின் அடிக்கோட்டில் வைத்து இழுத்தார். எதுவும் வரவில்லை. உதறி இழுத்தார். நாக்கு நுனியில் தொட்டு இழுத்தார். காகிதத்தில் நிறமில்லாத ஒரு கீறல் விழுந்தது. ஏழு வருஷம் மூடியே இருந்ததில் மை உள்ளேயே கல்லாகியிருந்தது.

நபுகீரா சட்டைப் பையிலிருந்து குப்பிகளுக்கு எண் போடும் தடித்த கறுப்பு மார்க்கரை எடுத்து நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், வாசலில் இந்தக் காட்சியைப் பார்க்க யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார். கையெழுத்துப் போட்டார். அடுத்த காகிதம் வரை ஊறியது.

பதிவாளர் அலுவலகத்தில் நான்கு ஐம்பத்தாறுக்கு எழுத்தர் பை மாட்டிக்கொண்டு நின்றார். படிவத்தை மூக்குக்கு அருகே வைத்துப் பார்த்தார்.

"முலோண்டோ பச்சையிலதானே போடுவார்."

"காஞ்சுபோச்சு."

"அப்ப சரி," என்று முத்திரையை ஓங்கிக் குத்தினார்.

பேழை இப்போது தாழ்வாரத்தில், தண்ணீர்க் குழாய்க்கும் அறிவிப்புப் பலகைக்கும் நடுவில் இருக்கிறது. பித்தளைத் தகட்டில் முலோண்டோ ஒப்பீட்டு விதியை நிலைநாட்டிய முப்பத்தாறு ஈக்கள் என்று பொறித்திருக்கிறது. விருந்தினர் வந்தால் பேராசிரியர் அதன் முன்னால் நிறுத்தி, எது முதலில் இடது பக்கம் திரும்பியது என்பதைக்கூட விரலால் காட்டுகிறார். டாக்டர் நபுகீரா அந்த வழியாகப் போனால் நிற்பதில்லை. குப்பிக்குள் கலூலே எழுதிய சின்ன லேபிளும் இருக்கிறது, குனிந்தால் படிக்கலாம். அதில் எழுதியிருப்பது மட்டும் உண்மை.